பதில் வராத வாரம்

கெண்டால் ஜங்ஷன், அயோவா
1879 ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோடா எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வலியே இல்லை என்று எழுதாதீர்கள், வலிக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சேதி. செப்டம்பர் மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஆள் கூடப்போகிறது. ஆல்வின் இப்போதே தொட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் செய்த தொட்டில் அல்லவா, குறித்த நேரத்தில் ஆடும், குறித்த நேரத்தில் நிற்கும் என்று கேலி செய்கிறேன். ஆனால் ராத்திரியில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அம்மா போனது தம்பி பிறந்தபோதுதானே? அவனும் கூடவே போய்விட்டானே? அதை நினைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நினைக்காமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் இங்கே இருந்தால் எனக்குப் போதும்.

நீங்கள் வந்து மூன்று வருஷமாகிறது. இனி சாக்குச் சொல்ல முடியாது. ஆல்வின் மேலிடத்தில் கேட்டு உங்கள் பேருக்கு ஒரு வருஷத்து இலவச ரயில் பாஸ் வாங்கியிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார வேண்டியதுதான்.

கர்த்தர் உங்களைச் சுகமாக வைக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
ரோடா


ட்ரூஸ்வில், அயோவா
1879 ஏப்ரல் 20

என் கண்ணே ரோடாவுக்கு,

அப்பா சௌக்கியம். முழங்கால் வலிக்கவில்லை. (எப்படியும் நம்பப்போவதில்லை, என் கடமைக்கு எழுதிவிட்டேன்.) உன் சேதியைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். எதற்கு என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். தாத்தா ஆகப்போகிறவன் வேறென்ன செய்வான்? பயப்படாதே. நான் வருவேன்.

ஆனால் அந்தப் பாஸில் வரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

இந்த மாவட்டத்தில் ரயில் பாஸ் இல்லாத வக்கீல் நான் ஒருத்தன்தான். மற்ற ஒன்பது பேரும் வண்டியில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கேட்பதில்லை, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பதிலாக இவர்கள் ரயில் கம்பெனிமேல் வழக்குப் போடுவதில்லை. எங்கேயும் எழுதி வைத்த ஏற்பாடில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. எனக்கு இதுவரை பாஸ் வராதது என் நேர்மைக்குச் சான்று என்று நினைத்துவிடாதே. என்னைக் கண்டு கம்பெனி பயப்படவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் டூலி என்று ஒருவன் வந்தான். ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டுகிற வேலை. இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று, கொக்கியில் கையால் இரும்பு முளை போட வேண்டும். போடும்போது பெட்டி நகர்ந்துவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்கிறது கம்பெனி. ஒன்பது வக்கீலையும் பார்த்துவிட்டுப் பத்தாவதாக என்னிடம் வந்திருக்கிறான். வழக்கை எடுத்துக்கொண்டேன்.

அதனால் உன் பாஸைக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதமும்: “ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நான் உங்கள்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். ஒருவர் மடியில் உட்கார்ந்துகொண்டே அவர் தாடியைப் பிடித்து இழுப்பது மரியாதையில்லை.” எப்படி? உன் அப்பா மூன்றே மூன்று குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன், அதிலும் ஒன்று அடுப்புக்கு விறகு போட்டே கழிந்தது. அப்படிப்பட்டவன் எழுதியது!

டிக்கெட் வாங்கியும் ஏறமாட்டேன். வக்கீல் டிக்கெட் வாங்கினான் என்று சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்? என்னை வண்டியில் பார்க்கிறவன்தான் நாளைக்கு ஜூரியில் உட்காருவான். செப்டம்பர் கோர்ட் முடிந்ததும் என் குதிரை வண்டியில் வருகிறேன். குழந்தையை என் வசதிக்குக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்.

ஆல்வினுக்கு என் அன்பு.

உன் அப்பா,
லெமுவல் ஹேட்ச்


வில்லோ ஓடை
1879 ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு மாறிவிட்டோம், அதில் நாள் ஓடிவிட்டது. இப்போது ஆல்வினுடைய அண்ணன் பண்ணையில் இருக்கிறோம். காற்று நன்றாக இருக்கிறது. ஆல்வினுக்கும் வெட்டவெளி வேலை பிடித்திருக்கிறது. இனிமேல் வில்லோ ஓடை தபால் ஆபீசுக்கு எழுதுங்கள். தபால் ஆபீஸ் என்றால் ஒரு மளிகைக்கடை, அதில் ஒரு மூலை.

உங்கள் வழக்கு எப்படிப் போகிறது? அந்த டூலிக்குக் குழந்தைகள் உண்டா?

நேற்று சோளக் கொல்லையில் நிற்கும்போது என்னவோ பழைய ஞாபகம். அம்மா போன வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட் சுற்றுக்குப் போனீர்களே. ஜட்ஜும் வக்கீல்களும் கூட்டமாகக் குதிரையில் ஊர் ஊராகப் போவோம். நான் கோர்ட் பெஞ்சில் தூங்கிவிட்டால் ஜட்ஜ் வீலாக் தன் எருமைத்தோல் போர்வையை என்மேல் போடுவார். அந்தப் போர்வை நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அதைவிடப் பத்திரமான இடம் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் ரோடா


ட்ரூஸ்வில்
1879 ஜூன் 22

கண்ணே ரோடாவுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். நாலாவது தடவையும் அதில் ஏதோ ஒரு வரி விட்டுப்போன மாதிரியே இருந்தது.

ஆல்வினுக்கு வெட்டவெளி பிடித்திருக்கிறதா? கல்யாணத்தன்று பாதிரியார் ஜெபம் நீண்டுபோனபோது கடிகாரத்தை எடுத்துப் பார்த்தவனாயிற்றே! தந்திக் கருவியைத் தட்டுவதற்கென்றே பிறந்த விரல் அவனுக்கு. அந்த விரலில் மண்வெட்டியா? ஸ்டேஷன் வேலையை ஏன் விட்டான்? எனக்குச் சொல்.

சுற்றுக் காலத்தை ஞாபகப்படுத்திவிட்டாய். இன்று முழுக்க நான் ஆபீசில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. சத்திரத்தில் கட்டில் போதாது. ஒரு கட்டிலுக்கு மூன்று வக்கீல். பகலெல்லாம் கோர்ட்டில் என்னைப் பொய்யன், புரட்டன் என்று கத்திய ஃபிட்ச், சாயங்காலமானால் என் போர்வையில் பாதியை இழுத்துக்கொள்வான். சாப்பாட்டுக்கு அப்புறம் விளையாட்டுக் கோர்ட் நடக்கும், நினைவிருக்கிறதா? ஒருநாள் என்மேல் குற்றம் சாட்டினார்கள். சட்டம் படிக்காமலே வக்கீலாக நடித்தேனாம். உண்மையைச் சொன்னால், சேணம் தைக்கிற கடைக்கு மேலே இருந்த ஆபீசில் இரண்டு புத்தகம் படித்தேன். ஒன்றில் பாதியை எலி தின்றிருந்தது. அந்தப் பாதியிலிருந்த சட்டம் எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு உன்னைத்தான் ஜூரியாக மேசைமேல் உட்கார வைத்தார்கள். ஆறு வயசு உனக்கு. ஃபிட்ச் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினான். “ஜூரி அம்மா என்ன சொல்றீங்க?” என்று ஜட்ஜ் கேட்டதும் நீ சொன்னாய்: “எங்க அப்பா குத்தவாளிதான். ஆனா விட்டுடுங்க, எனக்குத் தலை வாரி விடணும்.”

இப்போது அந்தச் சத்திரங்களில் பாதி இல்லை. ஃபிட்ச் கம்பெனி வக்கீல். டூலி வழக்கில் எனக்கு எதிரே உட்காரப்போவதும் அவன்தான். வழக்கு செப்டம்பர் பத்தாம் தேதி. டூலிக்கு நாலு குழந்தைகள்.

ஆல்வின் விஷயம் எழுது. மறந்துவிடாதே.

அப்பா


வில்லோ ஓடை
1879 ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சோளம் என் தோளுக்கு மேல் போய்விட்டது. ஆல்வின் வெயிலில் சிவந்து, உரித்த தக்காளி மாதிரி இருக்கிறார். தொட்டில் முடிந்துவிட்டது. அண்ணி நல்லவள். பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மாவும் இரண்டு மைலில்தான் இருக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கு: வேலை மாற்றம் அவராக விரும்பிச் செய்தது. இனி அதைப்பற்றிக் கேட்க வேண்டாம், அப்பா. தூரத்தில் ரயில் ஊதினால் களை கொத்துவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறார். “ஏழு நிமிஷம் லேட்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பழக்கம், வேறொன்றுமில்லை.

நீங்கள் வரும் வழியில் மழை பெய்யாமல் இருக்கட்டும். உங்கள் குதிரை ‘செனட்டர்’ இன்னும் இருக்கிறானா?

மகள் ரோடா


ட்ரூஸ்வில்
1879 ஆகஸ்ட் 24

என் மகள் ரோடாவுக்கு,

உடம்பு நலம். மனசு நலமில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் சிரிப்பு குறைவாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கோர்ட் படியில் ஃபிட்ச் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன லெமுவல், முழங்கால் என்ன சொல்லுது?”

“மழை வரும்னு சொல்லுது. நீ என்ன சொல்ல வந்தே?”

“உன் மாப்பிள்ளைக்கு வேலை போனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“போகலேய்யா, அவனா விட்டான். வெட்டவெளிக் காத்து அவனுக்குப் பிடிச்சிருக்காம்.”

“அட பைத்தியக்காரா! நாப்பது வருஷமா சாட்சிங்களைக் குடைஞ்சு எடுக்கிறே, சொந்தப் பொண்ணு எழுதினதை அப்படியே நம்பிட்டியா? உன் தாடிக் கடிதம் தலைமை ஆபீஸ்ல மேசை மேசையாப் போச்சு. எல்லாரும் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சப்புறம் ஒருத்தன் கேட்டான், ‘ஆமா, இந்த ஆளுக்குப் பாஸ் கேட்டது யாரு?’ன்னு.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாஸை உன்னிடமே திருப்பி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று அதைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினேன். சிரித்தார்கள்.

ஃபிட்ச் மேலும் சொன்னான்: “இது கம்பெனி சொல்லச் சொன்னது. வழக்கை வாபஸ் வாங்கு. டூலிக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அடுத்த வண்டியிலேயே ஆல்வினுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி வந்துடும்.”

“நீ என்ன சொல்றே, ஃபிட்ச்?”

“நான் கம்பெனி வக்கீல். எனக்குன்னு சொல்ல ஒண்ணுமில்லே.” இப்படிச் சொன்னவன் போய்விடவில்லை. அவனும் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டான்.

ரோடா, நான் விலகிக்கொண்டால் டூலிக்கு வேறு வக்கீல் இல்லை. மற்றவர்கள் பையில் பாஸ் இருக்கிறது. நான் விலகாவிட்டால் உன் புருஷன் வெயிலில் நிற்கிறான், நீ அடுத்தவர் வீட்டில் பிள்ளை பெறப்போகிறாய். இரண்டு பக்கத்தையும் எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஜெயிக்கிறது.

நீ சொல். விடு என்றால் விடுகிறேன், நடத்து என்றால் நடத்துகிறேன். ஒரு வரி போதும். பத்தாம் தேதி காலை வழக்கைக் கூப்பிடுவார்கள். அதற்குள் வந்துசேருகிற மாதிரி எழுது.

ஆல்வினிடம் நான் என்ன சொல்வது?

அப்பா


ட்ரூஸ்வில்
1879 செப்டம்பர் 14

என் மகள் ரோடாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர இந்த வாரம் நான் வேறொன்றும் ஜெபிக்கவில்லை. உன் பதில் வரவில்லை. தினமும் தபால் வண்டி வரும்போது வாசலில் நின்றேன். தபால்காரர் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நேற்று எனக்கு விதைக்கடை விளம்பரம் ஒன்றை நீட்டினார்.

குறித்த நாளுக்குள் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் கோர்ட் தானாகத் தீர்ப்பு எழுதிவிடும். நான் கோர்ட் இல்லையே. பத்தாம் தேதி காலை ஜட்ஜ் வழக்கின் பேரைச் சொன்னார். “வாதி தரப்பு தயாரா?” என்றார். எழுந்து நின்றேன். “தயார்” என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியின் மேஸ்திரி சாட்சி சொல்ல வந்தான். இருபது வருஷ அனுபவமாம். “ஜாக்கிரதையா வேலை செய்யறவனுக்கு நகம்கூடப் பெயராதுங்க” என்று ஜூரியைப் பார்த்துச் சொன்னான். வெயில் கொளுத்துகிறது, அவன் கையில் மட்டும் கையுறை.

நான் கேட்டேன்: “நீங்க அஜாக்கிரதையான ஆளா?”

“இந்த லைன்லயே என்னைவிட ஜாக்கிரதையான ஆள் கிடையாதுங்க.”

“அப்போ அந்தக் கையுறையைக் கொஞ்சம் கழட்டுங்க.”

அவன் ஃபிட்சைப் பார்த்தான். ஃபிட்ச் கூரையைப் பார்த்தான். கழற்றினால் வலது கையில் மிச்சம் இரண்டே விரல், கட்டைவிரலைச் சேர்த்து. ஜூரியில் ஒரு விவசாயி வாய்விட்டே சொன்னார்: “ஜாக்கிரதைக்கு இதுன்னா, அஜாக்கிரதைக்கு என்ன ஆகும்!” ஜட்ஜ் அவரை அதட்டினார். அதட்டும்போது சிரிப்பை அடக்கியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூரி டூலி பக்கம் தீர்ப்பு சொன்னது. கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போகிறது. அதனால் டூலி கைக்கு ஒன்றும் வரவில்லை, வர எத்தனை காலமாகுமோ. ஆனாலும் அவன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வெளியே வந்ததும் ஃபிட்சிடம், “மேஸ்திரி கையுறையை நீ கவனிக்கலையா?” என்று கேட்டேன். “எனக்குக் கண் மங்கிப்போச்சு லெமுவல்” என்றான். கட்டில் பங்கு போட்ட காலத்திலிருந்து இன்றுவரை அவன் அரை மைலில் வருகிற சாட்சியை அடையாளம் சொல்வான்.

ஊரில் எல்லோரும் என் கையைக் குலுக்குகிறார்கள். நீ உன் கையால் திட்டாவது எழுது.

அப்பா


வில்லோ ஓடை
1879 செப்டம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் பேத்தியும் நலம். ஒன்பதாம் தேதி விடியற்காலை பிறந்தாள். முந்தின நாள் முழுக்கக் கஷ்டப்பட்டேன். இப்போது எழுந்து உட்கார முடிகிறது. அம்மா பேரையே வைத்திருக்கிறோம், லவினா. தலையில் முடியே இல்லை. ஆல்வின் அவளை ஜட்ஜ் என்று கூப்பிடுகிறார்.

உங்கள் கடிதம் வந்த வேளையில் வலி எடுத்துவிட்டது. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

தீர்ப்பு வந்த கடிதத்தை ஆல்வின் சத்தமாகப் படித்தார். கையுறை வந்த இடத்தை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் பால் கறக்கப் போய்விட்டார். திரும்பி வந்து வாளியை வைத்துவிட்டு, “அந்த மேஸ்திரியை எனக்குத் தெரியும். எல்லார்கிட்டயும் கத்துவான். உங்க அப்பா நல்லாப் பண்ணியிருக்கார்” என்றார். வேலையைப்பற்றி உங்களிடம் சொல்லாததற்கு நான்தான் காரணம், அவரில்லை.

கண்டிப்பாக வாருங்கள். எதில் வேண்டுமானாலும் வாருங்கள்.

உங்கள் மகள்,
ரோடா


வில்லோ ஓடை மளிகைக்கடை
1879 அக்டோபர் 11

என் கண்ணே ரோடாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை இன்னும் ஒரு மணி நேரத்தில் நேரிலேயே பார்த்துவிடுவேன். இருந்தும் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடப்போவதில்லை, உன் கையில் கொடுக்கப்போகிறேன். நாற்பது வருஷம் பன்னிரண்டு பேர் முகத்தைப் பார்த்துப் பேசியவனுக்குச் சொந்த மகள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத ஒன்று இருக்கிறது.

வழி நன்றாக இருந்தது. பழைய சுற்றுப் பாதையிலேயே வந்தேன். ஜட்ஜ் வீலாக் கல்லறையில் ஒரு ராத்தங்கல் போட நினைத்தேன், செனட்டர் சம்மதிக்கவில்லை. நாம் தங்கிய சத்திரம் ஒன்றில் இப்போது தையல் மெஷின் விற்கிறார்கள். நம் கட்டில் கிடந்த இடத்தில் நின்று, ஒரு மெஷினின் விலை கேட்டுவிட்டு வந்தேன்.

உன் வீட்டுக்கு வழி கேட்கத்தான் இந்தக் கடையில் இறங்கினேன். கடைக்கார அம்மா வாயாடி. நான் யார் என்று சொன்னதும் ஆரம்பித்துவிட்டாள்.

“ரோடாவோட அப்பாவா? வக்கீலா? உங்க கடுதாசிங்க எல்லாம் என் கையால கொடுத்ததுதான். பிரசவத்துக்கு முன்னாடி வந்த அந்தத் தடிமனான கடுதாசியை அவளே வந்து வாங்கினா, பாவம், அந்த வயித்தோட. செப்டம்பர் ரெண்டாம் தேதி. இதோ இந்த மாவுப் பீப்பாய் மேல உட்கார்ந்துதான் படிச்சா, ரெண்டு தரம். ‘பதில் எழுதணுமாம்மா, காகிதம் தரட்டுமா?’ன்னு கேட்டேன். ‘வேண்டாம்’னா. கடுதாசியை மடிச்சு உள்ளே வச்சா. எந்திரிச்சுப் போயிட்டா.”

அந்தப் பீப்பாய்மேல்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்காமலே வந்த சாட்சியம் இது. என் தொழிலில் இந்த மாதிரி சாட்சியம் கிடைத்தால் விடமாட்டோம். கடிதம் வந்தது இரண்டாம் தேதி. நீ வலி என்று சொன்னது எட்டாம் தேதி. நடுவே கிட்டத்தட்ட ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்வேன். சாட்சி அழுதாலும் விடமாட்டேன்.

உன்னை நான் கேட்க மாட்டேன். எப்போதும் கேட்க மாட்டேன்.

ஆனால் என் பக்கத்தை நான் சொல்லிவிட வேண்டும். பத்தாம் தேதி காலை உன்னிடமிருந்து ‘விடு’ என்று ஒரு வரி வந்திருந்தால் விட்டிருப்பேன். டூலியின் நாலு குழந்தைகள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டே விட்டிருப்பேன். வளையாத ஆள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இதை அவர்களிடம் சொல்லவில்லை. ஃபிட்சிடமும் சொல்லவில்லை. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். உனக்கு முன்பே தெரியும், அதனால்தான் காகிதம் வேண்டாம் என்றாய் என்று இந்தப் பீப்பாய் சொல்கிறது.

கடைக்கார அம்மா பேத்திக்கென்று ஒரு சர்க்கரைக் குச்சி கொடுத்திருக்கிறாள். பல்லே இல்லாத பிள்ளைக்கு எதற்கு என்றேன், தாத்தாவுக்கு இருக்கே என்கிறாள். செனட்டர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டான்.

நான் வாசலில் இறங்கியதும் ஆல்வினிடம் போவேன், அவனிடம் சொல்ல வேண்டியதை வாயாலேயே சொல்லப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் இதைப் படித்துவிடு.

பதில் வேண்டாம்.

அப்பா